அண்ணாச்சியின் மடி

பருத்தித் தரகர் தெய்வேந்திரன் வாயால் எந்தச் சரக்கும் நல்ல பெயர் வாங்கியதில்லை. புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்பது தாய்ப்பாலோடு ஏறிய பாடம். அன்று மரகதவல்லியின் பருத்திக்காட்டில் சம்சாரிகள் வரப்பில் நின்று அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கழித்துக்கட்டினால் அவள் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்தை ஒருவரும் விதைக்கமாட்டார்கள். அவளுடைய இத்தனை வருஷப் பாடும் மண்ணாய்ப் போகும். தாய் ரகத்தையும் தகப்பன் ரகத்தையும் அவருக்குத் தெரியும். தாய் காய்த்துக் கொட்டும், இழை கட்டை. தகப்பனுக்கு இழை நீளம், காய்ப்பில் கஞ்சன். பிள்ளையோ இருவரையும் மிஞ்சி, கிளைக்குக் கிளை வெடித்துச் சிரித்தது. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கை விரல்களாலும் பிடித்து இழுத்தார். இழை இழுக்க இழுக்க வந்தது. குறை தேடி மறுபடி இழுத்தார், விரல்தான் கூசியது.

“என்ன அண்ணாச்சி, வாயடைச்சுப் போச்சா?” என்றாள் மரகதவல்லி.

“வெள்ளை கொஞ்சம் கூடுதல்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

“அப்ப மடியில முடிஞ்ச பருத்திச் சுளையை வச்சிட்டுப் போங்க. அந்தக் கொட்டையை விதைச்சா இந்தப் பிள்ளை முளைக்காது. தாத்தாவும் பாட்டியும்தான் கலந்துகட்டி முளைப்பாங்க. விதைக்கு வருஷா வருஷம் எங்கிட்டத்தான் வரணும்.”

வாங்கியவனை வருஷா வருஷம் திரும்ப வரவைக்கும் சரக்கு. அவர் பரம்பரையில் ஒருவருக்கும் எட்டாத வியாபாரம் அது. பெரிய முதலாளியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தபடி மடியை அவிழ்த்தார்.

வரப்பிலிருந்து ஒரு சம்சாரி இறங்கி வந்தார். “அண்ணாச்சியே களவாண்டுட்டாருல்ல, அப்புறம் என்ன யோசனை? எனக்கு ரெண்டு பாக்கெட் எடுத்து வையி, தாயி.”