பக்கத்து இருக்கையின் பிரேக்

“அண்ணே, வாயைத் திறக்காதீங்க!”

குழுக் கூட்டத்தில் தையல்காரம்மா போட்ட அதட்டலில், மைக் அண்ணன் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். இரத்ததானக் குழுவின் தலைவர். அவர் பேச ஆரம்பித்தால் மைக்கே கும்பிடு போட்டுவிடும் என்பதால் அந்தப் பெயர். சனிக்கிழமைதோறும் உறுப்பினர்களுக்குத் தலைமைப் பயிற்சியும் அவர்தான் கொடுத்து வந்தார். ‘எல்லாரும் முன்வந்து பேச வேண்டும்’ என்பதைப் பற்றி அவர் ஒருவரே இரண்டு மணி நேரம் பேசுவார்.

போன வாரம் குரல் கம்மிப்போனதும் தையல்காரம்மாதான் டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒரு மாதம் பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூட வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரத்ததான முகாமுக்கு இருப்பதோ இரண்டு வாரம். போன முறை கிடைத்த இரத்தம் சொற்பம். இந்த முறையும் அப்படியே என்றால் இனி வண்டி வராது என்று இரத்த வங்கி கறாராகச் சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள், ஹால் கிடையாது என்று வழக்கமாக இடம் தரும் பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டது.

எல்லாரும் வழக்கம்போல் மைக் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தார். தையல்காரம்மா அதையும் வாங்கி வைத்துவிட்டார்.

“எழுதவும் கூடாதுண்ணே. எழுதும்போது உள்ளுக்குள்ள நாக்கு அசையுமாம். டாக்டர் என்கிட்டத் தனியா சொன்னாரு.”

“மூச்சு விடலாமா, அதுக்கும் தடையா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறுவதற்கு முன்பே அதை மிதித்துப் பழகியவர் மைக் அண்ணன். இப்போது மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

“என் கடையில வச்சுக்கலாம்,” என்றார் தையல்காரம்மா கடைசியில், மேசையைப் பார்த்தபடி. “துணி வெட்டுற மேசை ஆறு இருக்கு. ஆள் படுக்கிற நீளம். பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி ஆடாது.”

“கத்தரிக்கோலைப் பார்த்தா இரத்தம் குடுக்க வந்தவன் ஓடிடுவானே!” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அதையெல்லாம் பூட்டி வச்சிடறேன். உங்களைத்தான் எங்க பூட்டறதுன்னு தெரியலை.”

சிரிப்பு அடங்கியதும் மருந்துக்கடைக்காரர் கேட்டார்: “இவ்வளவு நல்ல யோசனையை இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?”

“நான் வாயைத் திறந்தா அண்ணன் கொட்டாவின்னு நினைச்சு டீ சொல்லிடுவாரு.”

மைக் அண்ணனின் கால் இன்னும் பலமாக அழுத்தியது. பிரேக் பிடிக்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

“அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “எல்லாரையும் காலையிலயே வரச் சொல்றோம். தலைமையுரை முடியறதுக்குள்ள பாதிப் பேர் பின்வாசல் வழியா நழுவிடறாங்க. தெருவாரியா நேரம் குடுத்துக் கூப்பிடுவோம். உரை…” மைக் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தார். “உரைக்குத்தான் இந்தத் தடவை வழியில்லையே.”

அதற்குப் பிறகு கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முகாம் படுத்துவிடும் என்று உறுதியாக நம்பியபடி மைக் அண்ணன் வீடு போய்ச் சேர்ந்தார்.

முகாம் படுக்கவில்லை. வெட்டுமேசைகளில் வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. ஒரு தெரு எழுந்து ஜூஸ் குடிக்கப் போனால் அடுத்த தெரு வந்து படுத்தது. வழி தெரியாமல் நின்ற ஒருவருக்குக் கை காட்டலாம் என்று மைக் அண்ணன் எழுவதற்குள், இதுவரை கூட்டத்தில் இருமக்கூடச் செய்யாத ஒருவர் அந்த ஆளைத் தோளில் தட்டி அழைத்துப் போய்விட்டார். கொண்டுவந்த இரத்தப் பைகள் போதாமல் இரத்த வங்கிக்காரர்கள் ஆள் அனுப்பி வரவழைத்தார்கள்.

மைக் அண்ணன் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுப்பகலில்தான் கவனித்தார், அவருடைய வலது கால் சும்மா இருந்தது.

மாதம் முடிந்ததும் தனியாக டாக்டரிடம் போனார்.

டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். “பளிச்சுனு இருக்கு. இனிமே தாராளமா பேசுங்க சார்.”

மைக் அண்ணன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். நாளை சனிக்கிழமை. பயிற்சியை மருந்துக்கடைக்காரர் நடத்துவதாக ஏற்பாடு. அடுத்த முகாமுக்கு யார் யார் என்ன செய்வது என்று அவர்களே பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். தான் போய் நின்று ‘வணக்கம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் மறுபடி தன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“டாக்டர்… இன்னும் ஒரு மாசம் பேசக்கூடாதுன்னு எழுதிக் குடுக்க முடியுமா?”

டாக்டர் பேனாவைத் திறந்தபடியே சிரித்துவிட்டார்.

“அன்னைக்கே உங்க தொண்டைக்கு மூணு நாள் ஓய்வே ஜாஸ்தி சார். கூட வந்த அந்த அம்மா ரெண்டு மாசம் எழுதச் சொல்லிக் கெஞ்சினாங்க. பாவமேன்னு நான்தான் ஒண்ணாக் குறைச்சேன்!”