வீட்டிலிருந்து வெளிநடப்பு

சட்டமன்றக் கூட்டம் இணையவழியில் வீட்டுத் திரைக்கு வந்த பிறகும் மரபு மாறவில்லை. வெளிநடப்பு என்றால் உறுப்பினர் தம் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

அன்றைய மசோதாப்படி, குடியிருப்பவர் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் வாடகை வீட்டின் தானியங்கிக் கதவு புதிய வாடகை கேட்கலாம்.

“ஏழை பால் வாங்கக்கூடப் போக முடியாதே, அமைச்சரே!” என்று முழங்கினார் எதிர்க்கட்சி உறுப்பினர் தமயந்தி. மைக்கை அணைத்தார்கள். கொதித்துப்போய்க் கட்சியினரோடு அவரும் வெளிநடப்பு செய்தார்.

“செருப்பையாவது போட்டுட்டுப் போ!” என்றார் கணவர் குமரகுரு.

எதிர்க்க ஆளில்லாததால் மசோதா நிறைவேறி உடனே அமலுக்கும் வந்தது. படிக்கட்டில் கோஷம் போட்டுத் திரும்பியவரிடம் கதவு இரு மடங்கு வாடகை கேட்டது.

“என்னங்க, உள்ளேயிருந்து திறங்களேன்!”

“திறந்தா எனக்கும் வாடகை ஏறிடுமாம். ஜன்னல் வழியா சோறு தர்றேன், இரு.”

மறுநாள் படிக்கட்டிலிருந்தே அவையில் கலந்துகொண்டார். கட்சி மறுபடியும் வெளிநடப்பு அறிவித்தது. எங்கிருந்து வெளியேறுவது என்று தெரியாமல் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.