இருளாயி வைத்த எண்ணெய்ச் சட்டி

பெற்ற மகன் எங்கோ சீமையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இங்கே இருளாயி எண்ணெய்ச் சட்டியை வைத்துக் கொக்கிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயமே மூக்கில் விரல் வைத்தது. பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் என்று தெரிந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, இவளெல்லாம் ஒரு தாயா என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். அடுத்த காம்பராவில் குடியிருக்கிற துஷ்யந்தி நேரிலேயே கேட்டும் விட்டாள்.

"அழுதா காய்ச்சல் எறங்கிருமா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள் இருளாயி.

அவள் புருஷன் இராமசாமிக்கும் எரிச்சலாக வந்தது. அது வேறு எரிச்சல். மகன் சுரேந்திரன் செத்து ஒரு கிழமை ஆகப்போகிறது என்பதை அந்த லயத்தில் அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ரேடியோவில் சமாதானப் பேச்சு என்று தினமும் அடிபடுகிற அதே நோர்வேயில்தான், பேர்கன் என்ற ஊரில், சுரேந்திரன் மீன் பேக்டரியில் வேலை செய்தான். போன் வருவதென்றால் தெரணியகலை டவுனில் ஜவ்பர் நானா கடைக்குத்தான் வரும். முதல் தடவை காய்ச்சல் என்றார்கள். மறுதடவை முடிந்துவிட்டது என்றார்கள். உடம்பை ஊருக்கு அனுப்ப வழியில்லை, அப்பாவாவது வந்து கொள்ளி வைக்கட்டும் என்று கூட வேலை செய்த பொடியன்கள் சேர்ந்து விசாவுக்கும் டிக்கட்டுக்கும் ஓடித் திரிந்தார்கள். ஒரு ஆளுக்குத்தான் முடிந்தது.

இராமசாமி ஜவ்பர் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நானா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அவளுக்கு நெஞ்சு வருத்தம். கேட்டா அங்கனயே விழுந்துருவா. காய்ச்சல்ல கெடக்குற புள்ளயப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு நான் போயிட்டு வந்து, பக்கத்துல இருந்து சொல்லிக்கிறேன்."

பொய் சொல்லவில்லை மனுஷன். மூத்த மகள் தவறினபோது பேச்சுமூச்சில்லாமல் விழுந்து, பெரியாஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள் இருளாயி. இன்னொரு தரம் இப்படி ஒன்று வந்தால் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தாயிற்று. அடுத்ததையும் கொடுத்துவிட்டு, இவளையும் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

நடுவில் இருளாயி மாவு வாங்க டவுனுக்குப் போய்வந்தாள். ஜவ்பர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டே மாவை நிறுத்துக் கொடுத்தாராம், என்ன கோபமோ தெரியவில்லை என்றாள். இராமசாமிக்கு உயிர் போய் வந்தது. அவள் வேறெதுவும் கேட்காமல் அடுப்பை மூட்டி எண்ணெயை ஊற்றினாள்.

சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஆகாது. கருமாதி முடிகிறவரை அக்கம்பக்கத்துச் சோறுதான். அதெல்லாம் தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஏன் என்று கேட்பாளே. எண்ணெய் வாசம் காம்பரா முழுக்கச் சுற்றியது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கத்தியும் விட்டார். "போதும் புள்ள. அங்க என்ன கடையா வைக்கப் போறான்?"

"அந்தக் குளிர்ல எதைத் தின்னானோ. நீங்க சும்மா இருங்க" என்றாள். கை மட்டும் நிற்கவில்லை.

ஸ்வெட்டர், தோட்டத்துக் கிளாக்கர் ஐயா கொடுத்தது. பை, ஜவ்பர் நானா மக்காவுக்குப் போனபோது கொண்டுபோனது. சப்பாத்து மட்டும் புதிது, அது காலைக் கடித்தது. கொழும்பைத் தாண்டாத மனுஷனுக்குப் பையை அடுக்கக்கூடத் தெரியவில்லை. எல்லாம் அவளே அடுக்கினாள்.

வேனில் ஏறும்போதும் அவள் கண் கலங்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "அவன் தலைமாட்டுலயே இருங்க, தனியா விட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னாள். கல்லு மனசுக்காரி என்று அவருக்குக் கோபமாக வந்தது. அந்தக் கல்லு மனசுதான் இப்போதைக்கு அவளைக் காப்பாற்றுகிறது என்றும் தோன்றியது. அவிசாவளை போய்ச் சேருகிறவரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எத்தனை பிளேன் மாறினார், யார் யார் கையைப் பிடித்து வழிகாட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. பேர்கனில் இறங்கினால் மழை. தெரணியகலையில் பெய்கிற அதே அடைமழை, தண்ணீர்தான் ஊசியாய்க் குத்தியது.

"வாங்கோ ஐயா" என்று பையை வாங்கிக்கொண்டான், மகனோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் நிமலன். மகனுடைய கட்டில் விரித்தபடியே கிடந்தது. இராமசாமி அதில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலமைதான் ஐயா எரிக்கிறது. சடங்குச் சாமான் கொஞ்சம் வாங்கி வச்சிருக்கிறம். வேற என்ன வேணுமெண்டு எங்களுக்கும் வடிவாத் தெரியேல்ல."

அவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளின் முகம் வாடிக் கிடந்தது. சரி, இவர்களாவது தின்னட்டும் என்று பையைத் திறந்து கொக்கிஸ் பொட்டலங்களை எடுத்து வெளியே வைத்தார்.

அடியில் ஒரு புது வெள்ளைத் துணி. அதன் இரண்டு முனையிலும் இரண்டு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு பிடி பச்சரிசி.

"என்ன ஐயா இது?" என்று கேட்டான் நிமலன்.

இராமசாமி அரிசி சிந்தாமல் முடிச்சுகளைத் திரும்பக் கட்டினார்.

"வாய்க்கரிசி தம்பி. ஒண்ணு நான் போட. மத்தது அவ பேரைச் சொல்லிப் போட. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான், எங்க நான் கெளம்பாம இருந்துருவேனோன்னு அவ அழாம இருந்திருக்கா."