கரண்ட் வந்த மத்தியானம்

“மீ லாபி!”

தெரு முழுக்கப் பர்மிய மொழியில் ஒரே கூச்சல். இரண்டு மூன்று நாளாகப் போயிருந்த கரண்ட் வந்துவிட்டது. யாங்கூனின் லத்தா வட்டாரத்தில் கரண்ட் வந்தால் கைக்குழந்தைகூடக் கைதட்டும்.

ருமானா மட்டும் ஓடிப்போய் வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

கரண்ட் வரக்கூடாது என்று துஆ கேட்கிறவள் யாங்கூனிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கரண்ட் வந்தால் கீழே இன்டர்நெட் கடை திறந்துவிடும். ஜெனரேட்டர் வைக்க வக்கில்லாத கடை, அந்த மட்டில் நல்ல கடை. திறந்த சத்தம் கேட்டால் போதும், தம்பி தவ்ஹீத் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் இறங்கிவிடுவான்.

அப்புறம் சோறு கிடையாது, தூக்கம் கிடையாது. ஊர் பேர் தெரியாத பத்துப் பேரோடு ஒரே நேரத்தில் அரட்டை. துபாயில் கப்பல் வாங்கப்போகிறானாம். லத்தாவில் இருக்கிற லாத்தாவை ராணியாக்கப்போகிறேன் என்று அக்காவையே கேலி செய்வான்.

பைபோலார் என்றார் டாக்டர். மனசு கொஞ்ச நாள் வானத்தில் பறக்கும், கொஞ்ச நாள் பாதாளத்தில் கிடக்குமாம். கடையே கதி என்று கிடப்பதால் பறக்கிறானா, பறப்பதால் கடையில் கிடக்கிறானா என்று கேட்டாள். இரண்டும்தான் என்று கையை விரித்துவிட்டார்.

ருமானாவுக்கு அலுத்துவிட்டது. பெற்றவர்கள் போனபின் அவனுக்கென்று இருப்பது அவள் மட்டும்தான். இன்றைக்கு விடுவதில்லை என்று இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

காலடிச் சத்தத்தையே காணோம்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கரண்ட் வந்ததைச் சொன்னாள். கடை திறந்ததையும் சொன்னாள்.

“வேணாம் லாத்தா.”

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை தொழுகையில் அழுதிருப்பாள்.

போன வருஷமும் இப்படித்தான் வேணாம் என்றான். துஆ பலித்துவிட்டதென்று பூரித்துப்போய், சேமியாப் பாயசம் காய்ச்சி மாடி மாடியாகக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் மாத்திரைப் பட்டைகள் அத்தனையும் காலி. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவித்தான் மீட்டார்கள்.

ருமானா மாத்திரைகளைத் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசற்கதவை அகலத் திறந்துவைத்தாள். அவன் சட்டையை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்திரி தம்பி. கொஞ்ச நேரம் கடைக்குப் போயிட்டு வரலாம். நானும் வந்து ஒன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்.”