ஆறட்டும்

"மாமா, வண்டி சூடாயிட்டு. கொஞ்சம் தண்ணி வேணும்."

குற்றாலலிங்கம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். பூட்டிய கேட்டுக்கு வெளியே, கையில் ஐந்து லிட்டர் கேனோடு நின்றாள் சுப்ரஜா. மகன் கிரீஷின் மனைவி. கிரீஷ் காய்ச்சலில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கேன் அவருக்குத் தெரிந்த கேன்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த மகனிடம், "இனி இந்தக் கேட்டை நீயும் தாண்டாத, நானும் தாண்டி உன்னத் தேடி வர மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். மூன்று வருடம், அவன் போகும்வரை, இருவருமே மீறவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் சேரன்மகாதேவியில் அந்தத் தெருவுக்கே கிடையாது.

பாளையங்கோட்டையில் தான் குடியிருந்த வீட்டு ஷெட்டில், பழைய வேன் எஞ்சினையும் ஃபைபர் உடம்பையும் வைத்து, படத்தில் பார்த்த இத்தாலிப் பந்தயக் கார் மாதிரியே ஒன்றைக் கட்டியிருந்தான் கிரீஷ். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டிப் பார்க்க வருவான். சரியாக இந்த வீட்டு மதில் ஓரம் வந்ததும் அது கொதித்துவிடும்.

"தெர்மோஸ்டாட்ட மாத்தினியாலே?"

"மாத்திட்டேன்ப்பா."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"அப்பம் வாட்டர் பம்புதான். முப்பது வருசம் பஸ் டெப்போவுல கிடந்தவன் சொல்லுதேன். உனக்கு ஸ்பேனர் பிடிக்கவே வரலலே."

"நீங்க சொல்லித் தரலைல்லா."

கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அரை மணி நேரம் இப்படிப் போகும். கேனை நிரப்பிக் கேட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொடுப்பார். "பைய ஆறட்டும்ப்பா, பொறவு ஊத்துதேன்" என்பான். அவர் சொன்ன பாகத்தையெல்லாம் மாற்றினான். அடுத்த ஞாயிறு மறுபடி கொதித்தது. அவன் போகும்வரை கோளாறு பிடிபடவே இல்லை. அது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

"சூடு காட்டுத முள்ளு எங்கன நிக்கி?" என்று இப்போது கேட்டார்.

"சிகப்புல, மாமா."

"ஆவி வந்துதா?"

"வந்துது. நான் போயி மூடியத் திறந்து..."

"தொடாத. பொங்கி மூஞ்சில அடிச்சிரும்."

சாவியை எடுத்து வந்து பூட்டைத் திறந்தார். கேனை நிரப்பிக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காரைப் பார்க்க மதிலுக்கு அந்தப் பக்கம் போனார். சிவப்பு நிறத்தில் தாழ்வாக உட்கார்ந்திருந்தது கார். பானட்டைத் தூக்கி, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல ரேடியேட்டர் மேல் தண்ணீர் தெளித்தார்.

'சுர்' என்று ஒரு சத்தமுமில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் தரும் பக்கத்துப் பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்குக் குறையாமல் நின்றது. கார்ச் சாவியைத் திருகிப் பார்த்தார். முள் நடுவில் இருந்தது.

அவர் நிமிர்ந்தபோது சுப்ரஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குப் பொய் சொல்ல வரலை மாமா. அப்பாவைப் பாக்கப் போனா இப்படித்தான் சொல்லணும்னு ஆஸ்பத்திரியில வச்சு அவிய சொல்லிக் குடுத்தாவ. இந்த வண்டி ஒரு நாளும் சூடானதில்ல."

குற்றாலலிங்கம் கையிலிருந்த கேனைப் பார்த்தார்.

"அப்பம், வாரா வாரம் நான் குடுத்த தண்ணி?"

"வீட்டுக்குக் கொண்டு வருவாவ. அப்பா வீட்டுத் தண்ணின்னு, நாங்க ரெண்டு பேரும் குடிப்போம்."

அவர் பானட்டை மெல்ல மூடினார். அதன்மேல் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு நடந்து போய், கேட்டின் இரண்டு கதவையும் சுவர்வரை தள்ளித் திறந்தார்.

"நல்லாத்தான் கொதிச்சிருக்கு. ஆற நேரமாகும்" என்றார் அந்த டெப்போக்காரர். "உள்ள வாம்மா."