தடை ஏதும் உண்டா

ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை தப்பான இடத்தில் போய் நின்றார்.

மேசைக்குப் பின்னால், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி. திருமணப் பதிவாளரான நான் நிற்க வேண்டிய இடம் அது.

"அது என் இடம் சார். நீங்க இந்தப் பக்கம் வந்து அவங்க பக்கத்துல நில்லுங்க," என்றேன்.

மணப்பெண் ரோசலிண்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பழக்க தோஷம் மேடம். முப்பது சொச்சம் வருஷம் பாதிரியாரா நின்னு ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்சவரு. பொண்ணு பக்கத்துல எப்படி நிக்கணும்னே தெரியாது."

டெஸ்மண்ட் காது சிவக்க இந்தப் பக்கம் வந்தார். எழுபதை நெருங்கும் மனிதர் வெட்கப்படுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் யார்க்‌ஷயர் டவுன் ஹாலில் கல்யாணத்தை அவரவர் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம். என்ன பாட்டு, என்ன கவிதை, மோதிரத்தை யார் கொண்டுவருவது, எல்லாம் அவர்கள் பாடு. போன மாதம் ஒரு ஜோடிக்கு அவர்கள் வீட்டுக் கிழட்டு நாய் கொண்டுவந்தது. ஆனால் இது சர்க்கார் கல்யாணம்; ஜெபம், வேதவசனம் எதுவும் சட்டப்படி கூடாது. கடவுள் மட்டும் வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டும்.

ஒரு பாதிரியாரிடம் போய் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. ரோசலிண்ட் ஆசையாகக் கேட்ட ஞானப்பாட்டு கூடாது என்றேன். டெஸ்மண்ட் தலையாட்டினார்.

"உங்க சர்ச்சுலயே வெச்சிருக்கலாமே சார்?" மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"ரோஸ் விவாகரத்து ஆனவ. அப்படிப்பட்டவங்களுக்கு என் சர்ச்சுல கல்யாணம் கிடையாதுன்னு எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினவன் நான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொரு பாதிரியார்கிட்ட போய் நிப்பேன்?"

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும்.

தேநீர் ஆறுவதற்குள் மற்றதெல்லாம் முடிந்தது. ஒரு கவிதை, கொஞ்சம் பியானோ. மோதிரத்துக்கு ரோசலிண்டின் பேத்தி. நான் சொன்ன எல்லாவற்றுக்கும் டெஸ்மண்ட் சரி என்றார். இவ்வளவு சாதுவான மாப்பிள்ளை எனக்கு வாய்த்ததே இல்லை.

ஒத்திகையில் அந்தக் கேள்விக்கு வந்தேன்.

"இவர்கள் இருவரும் மணந்துகொள்ளச் சட்டப்படி ஏதாவது தடை இருப்பதாக இங்கே யாருக்கேனும் தெரிந்தால், இப்போதே சொல்லுங்கள்."

இதைக் கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவேன். கூட்டத்தில் எவனாவது ஒரு நண்பன் வேண்டுமென்றே இருமுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மேலே போய்விடுவேன்.

டெஸ்மண்டின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், இந்தக் கேள்வி மட்டும் வேண்டாமே."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல சார். நீங்களே எத்தனை தடவ கேட்டிருப்பீங்க."

"அப்ப கேட்டுட்டு நிறுத்தாதீங்க. மடமடன்னு அடுத்ததுக்குப் போயிடுங்க. அந்த அமைதிய என்னால தாங்க முடியாது."

எனக்குப் பகீர் என்றது. இப்படிக் கெஞ்சுகிறவர்களுக்கு எங்கேயாவது ஒரு ஊரில் இன்னொரு மனைவி இருப்பாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ரோசலிண்டைப் பார்த்தேன்.

அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் போயிருந்தது.

"நிறுத்துங்க மேடம். இவரு அன்னிக்கு எவ்வளவு நேரம் நிறுத்தினாரோ, அவ்வளவு நேரம் நிறுத்துங்க."

"என்னிக்கு?"

"என் முதல் கல்யாணத்துல. பண்ணி வெச்சதே இவருதான். இதே கேள்வியக் கேட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. சர்ச்சே நெளிய ஆரம்பிச்சிடுச்சு. எங்கம்மா தொண்டையச் செருமினாங்க. இந்த மனுஷன் வாயத் திறப்பாருன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். திறக்கல. அப்புறம் இருபது வருஷம் அந்தாளோட மல்லுக்கட்டினேன்."

டெஸ்மண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்ததும் அவர் ஏன் மேசைக்குப் பின்னால் போய் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோசலிண்டை மணப்பெண்ணாக அவர் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். ஒரு வார்த்தை சொல்லாததால் போனது இரண்டு பேருடைய வாலிபம்.

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன். நிறுத்தினேன். இந்தத் தடவை மேலே போகவில்லை.

காலி நாற்காலிகள். யாரும் இருமவில்லை.

"இருக்கு," என்றார் டெஸ்மண்ட். குரல் உடைந்து வந்தது. "எனக்கு இவ வேணும்."

"இப்ப வந்து சொல்லு!" என்று அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார் ரோசலிண்ட். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அடித்த கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

தடை இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் நான் சடங்கை நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஒத்திகைதானே என்று விட்டுவிட்டேன்.

மனசில் ஒருத்தியை வைத்திருப்பது சட்டப்படி தடை ஆகாது. அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருந்தாலும் சட்டம் அதைக் காதில் வாங்கியிருக்காது.

ரோசலிண்ட் வாங்கியிருப்பார்.