பொம்மைச் செங்கல்

மச்சான் என் கையிலிருந்த போனைப் பிடுங்கியபோது விளையாட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தால் பேய்கள் கிளம்பிவிடும். அதற்குள் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும்.

கூட ஆடும் ஆளின் பொம்மை, கதவைத் திறந்து பிடித்தபடி எனக்காக நின்றது. நான் வராமல் அது கதவைச் சாத்தாது. சாத்தாவிட்டால் அதையும் பேய்கள் அடித்துப் போட்டுவிடும். அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் ஓய்வு. இன்றைக்கு விட்டால் இனி அடுத்த வாரம்தான்.

"பாருங்க சம்பந்தி, நல்லாப் பாருங்க." மச்சான் போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "வாரமெல்லாம் செங்கல் சுமக்குறான் மனுசன். லீவு நாள்லயும் உக்காந்து பொம்மைச் செங்கல் சுமக்குறான்!"

கூடமே சிரித்தது. மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். சம்பந்திக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிக்கொண்டது. என் மகன் எங்கேயும் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். நான் வேலை செய்கிற இடத்தில் மேஸ்திரியும் அவர்தான். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, "யோவ் கேம் தாத்தா, கல்லு எங்கய்யா?" என்று கத்துவார். இப்போது கலவை போடுகிறவர்கள்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இதே கூடத்தில் போன வாரம் மேட்ச் பார்த்துவிட்டு அவர் போட்ட ஆட்டம் தெருமுனை வரை கேட்டது. யாரோ எங்கேயோ அடித்த பந்துக்கு இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்.

சம்பந்தி சீட்டாட உட்கார்ந்தால் வீடு பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அது பெரிய மனுஷன் பொழுதுபோக்கு. எங்களோடு வேலை செய்கிறவர்களில் ஒருவன் சம்பள நாளன்று குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் கிடப்பான். பாவம், உடம்பு வலி என்பார்கள்.

எனக்கு மட்டும் மூளை கழன்றுவிட்டது.

"குடுங்க மச்சான்" என்றேன்.

"இரு மாப்ளே. இந்தச் சனியனை அழிச்சிட்டே தர்றேன். பேரன் எடுக்குற வயசுல என்ன கூத்து இது?"

அவர் கட்டைவிரல் திரையைத் தடவி எதையோ தேடியது.

அப்போது திரையின் அடியில் எழுத்துகள் வந்தன.

தாமதமாக எழுத்துப் படித்தவன் நான். ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். மச்சானுக்கு அப்படியில்லை. காலையில் பேப்பரை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி வாசிக்கிறவர். ஒரு பார்வை போதும் அவருக்கு.

அவர் பார்க்கவில்லை. பொம்மை விளையாட்டில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். நாலு கல்லை ஒருசேர நெருக்கித் தூக்குகிற பிடி. இத்தனை வருஷத்தில் அவர் எதிரே நான் குரலைக்கூட உயர்த்தியதில்லை. சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லுவார், தெரியும். சொல்லட்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அவர் பிடி விட்டுப்போகும் என்றும் தெரிந்தது. நான் அழுத்தினேன்.

விரல்கள் தாமாகத் திறந்தன. போன் என் கைக்கு வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "வந்தவங்க முன்னாடி எங்கண்ணன் கையையா முறுக்குறீங்க? அந்தக் கருமத்தை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போய்த் தொலைங்க!"

முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். கொல்லைப்புறத்துக்கு வந்ததும் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

பிறகு என் தோளோடு ஒட்டி நின்று, மூச்சோடு மூச்சாகக் கேட்டாள்.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னும் கேளுங்க."

எங்கள் பெரிய மகள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. மச்சான் போட்ட சட்டம். வருகிறபோதெல்லாம் எங்கள் போன்களை வாங்கிப் பார்ப்பார். யார் கூப்பிட்டது, என்ன செய்தி வந்தது, என்ன படம் இருக்கிறது, ஒன்றையும் விடமாட்டார்.

விளையாட்டுக்குள் வருகிற எழுத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை.

அவள் பொம்மை இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. பேய்கள் அடித்து அடித்து, உயிர் ஒரு துளிதான் மிச்சம். நான் உள்ளே ஓடினேன். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி கேட்டதை எழுத்துக் கூட்டி எழுதினேன். அவசரத்தில் சாப்பிட்டாயா என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று.

'சாப்பிட்டேன்ப்பா. காய்ச்சல் விட்டுருச்சு. அம்மா பக்கத்துல இருக்கா?'

நான் படித்துச் சொல்வதற்குள் மனைவி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

கூடத்தில் மச்சான் குரல் மறுபடியும் எழுந்தது. கேம் தாத்தா கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு நின்றுவிட்டால்தான் எங்களுக்குப் பயம்.